சுவரில் சாய்ப்பா, நாலு கால் கொட்டகையா?

கொல்லையில் விறகும் சைக்கிளும் நனையாமல் இருக்க நாமே மரத்தில் கூரை போடுவதென்றால் வழி இரண்டு. வீட்டுச் சுவரில் ஒரு சட்டத்தை போல்ட் போட்டு இறுக்கி, முன்னால் மட்டும் இரண்டு கால் நடலாம். அல்லது நாலு காலையும் தனியே நிறுத்தலாம்.

சுவர்ச் சாய்ப்பில் மரமும் மிச்சம், இரண்டு குழி வெட்டும் வேலையும் மிச்சம். கூரைத் தகடும் சுவரும் சேரும் இடம்தான் தலைவலி. அங்கே வெறும் சிமெண்ட் பூசினால், வெயிலில் தகடு விரிந்து சுருங்கி மயிரிழை விரிசல் விடும். அப்புறம் ஐப்பசி மழையில் சுவரோடு தண்ணீர் வழியும். சுவரில் காடி (நீளமான சிறு பள்ளம்) வெட்டி, கூரை மேல் மடிந்து இறங்கும் மடக்குத் தகட்டைச் செருகினால்தான் சரி.

தனிக் கொட்டகைக்கு இந்தத் தொல்லை கிடையாது, பிரித்து வேறிடத்திலும் போடலாம். ஆனால் தாங்கச் சுவர் இல்லாததால் காற்றுக்கு ஆடும். மூலைக்கு மூலை குறுக்குச் சட்டம் கட்டாயம்.

எதுவானாலும் காலை மண்ணில் புதைக்காதீர்கள், கரையானுக்கு விருந்துதான். அரையடி கான்கிரீட் கட்டை மேல் நிறுத்துங்கள். கூரை 8 அடி நீளமென்றால் 1 அடியாவது சரிவு வேண்டும்.

உறுதியான செங்கல் சுவர் இருந்தால் என் ஓட்டு சாய்ப்புக்கே. மண்சுவரோ, பக்கத்து வீட்டோடு பொதுச்சுவரோ என்றால் யோசனையே வேண்டாம், நாலு கால்தான்.