‘கலோர்’: கேர்ஸ்டி மக்கோலின் பதினாறு ஆண்டுகள் ஒரே இறுவட்டில்

ஆங்கிலப் பாடகி கேர்ஸ்டி மக்கோல் என்றால் பிரித்தானியாவில்கூடப் பலருக்கு ஒரேயொரு பாடல்தான் நினைவுக்கு வரும். 1987 இல் ‘த போக்ஸ்’ குழுவினருடன் அவர் பாடிய ‘ஃபெயரிடேல் ஒஃப் நியூ யோர்க்’ ஒவ்வொரு டிசம்பரிலும் கடைகளிலும் வானொலியிலும் ஒலிக்கிறது; ஆனால் அதில் அக்குழுவின் பாடகர் ஷேன் மக்கவனுடன் சரிக்குச் சரி சண்டை பிடிக்கும் பெண்குரலுக்கு உரியவர் அதற்கு முன்னும் பின்னும் என்ன பாடினார் என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விக்குப் போதிய விடை தருவது, 1995 இல் வெளிவந்த ‘கலோர்’ என்ற தொகுப்பு இறுவட்டு. நீண்டகால இரசிகன் என்ற முறையில், அவரை முதன்முதலாகக் கேட்க விரும்புபவர்களுக்கு நான் பரிந்துரைப்பதும் இதைத்தான்.

இதில் பதினெட்டுப் பாடல்கள் உள்ளன. 1979 இல் ஸ்டிஃப் என்ற இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட ‘தே டோன்ட் நோ’ அவற்றுள் காலத்தால் முந்தியது. இன்று நம் மக்கள் நிறைந்து வாழும் தென் இலண்டனின் குரொய்டனில் பிறந்த கேர்ஸ்டி இதை எழுதிப் பாடியபோது அவருக்கு இருபது வயது நிரம்பவில்லை. வானொலிகள் அதை ஓயாது ஒலிபரப்பின. ஆனால் அந்த நேரம் பார்த்து விநியோகத் துறையில் வேலைநிறுத்தம் வந்ததால் இசைத்தட்டு கடைகளுக்குப் போய்ச் சேரவில்லை. விற்பனைப் பட்டியலிலும் இடம்பெறவில்லை. நான்கு ஆண்டுகளுக்குப் பின் நகைச்சுவை நடிகை ட்ரேசி உல்மன் அதே பாடலைப் பாடி இரண்டாம் இடம் வரை கொண்டுபோனார். அந்தப் பதிவில், இடையில் வரும் உச்சஸ்தாயி ‘பேபி’ உல்மனுக்கு எட்டாததால் அங்கே ஒலிப்பது கேர்ஸ்டியின் குரலே. தன் பாடல் வேறொருவரின் வெற்றியாக மாறியபோதும் அதன் உச்சத்தில் அவரே நின்றார் என்பதில் இரசிகர்களாகிய எங்களுக்கு இன்றுவரை ஒரு அற்ப திருப்தி உண்டு.

அவருடைய குரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இந்த இறுவட்டின் மதிப்பு அதில்தான் இருக்கிறது. நடுக்கமோ நெளிவோ இல்லாத நேரான குரல் அது. தனியே கேட்டால் சாதாரணமாகக்கூடத் தோன்றும். ஆனால் அவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் தன் குரலின்மீது தன் குரலையே வெவ்வேறு சுரங்களில் அடுக்கடுக்காகப் பதிந்து, ஒரு முழுப் பாடகர் குழுவை உண்டாக்கிவிடுவார். பீச் போய்ஸ் குழுவினரின் கூட்டிசையில் அவருக்கிருந்த பற்று இதில் வெளிப்படையாகத் தெரியும். ‘எ நியூ இங்கிலாந்து’ பாடலை இதற்குச் சிறந்த சான்றாகக் கொள்ளலாம். பில்லி பிராக் 1983 இல் மின்கிற்றாரை மட்டும் துணையாகக் கொண்டு முரட்டுத்தனமாகப் பாடிய சிறிய பாடலைக் கேர்ஸ்டி இப்படி அடுக்கி விரித்தார். பாடல் குறுகியதாக இருந்ததால் அவருக்கென்றே பிராக் இன்னொரு சரணமும் எழுதிக் கொடுத்தார். 1985 இன் தொடக்கத்தில் அது ஏழாம் இடத்தைப் பிடித்தது. நல்ல காதுக்கருவியில் இடது வலது பிரித்துக் கேட்டால், எத்தனை கேர்ஸ்டிகள் பாடுகிறார்கள் என்று எண்ணத் தொடங்கி இடையில் தவறவிட்டுவிடுவோம்.

அந்த வெற்றிக்குப் பின் அவர் நியாயமாக ஒரு முழு இசைத்தொகுப்பு வெளியிட்டிருக்க வேண்டும். ஆனால் ஸ்டிஃப் நிறுவனம் நொடித்துப் போனதால், ஒப்பந்தச் சிக்கலில் மாட்டி, தன் பெயரில் எதையும் வெளியிட முடியாமல் பிறருக்குப் பின்னணிக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். த ஸ்மித்ஸ் குழுவின் ‘ஆஸ்க்’ பாடலில் பின்னால் கேட்பது அவர்தான். யூ2 குழுவின் ‘த ஜோஷுவா ட்ரீ’ தொகுப்பில் பாடல்களை எந்த வரிசையில் வைப்பது என்று தீர்மானித்துக் கொடுத்தவரும் அவரே. போக்ஸ் பாடலுக்குக்கூட, அவருடைய கணவரும் தயாரிப்பாளருமான ஸ்டீவ் லில்லிவைட் மாதிரிக்காக வீட்டு ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிந்த கேர்ஸ்டியின் குரலே வாய்ப்பைத் தேடித் தந்தது. ‘கலோர்’ இந்த இடைவெளிகளை மறைத்து, ஒரு வெற்றியிலிருந்து அடுத்த வெற்றிக்கு அவர் இயல்பாக நடந்து போனதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது. தொகுப்புகளின் இயல்பு அது என்றாலும், இந்த வரலாற்றை அறியாமல் கேட்பவருக்குப் பாடல்களின் எள்ளலில் பாதி புரியாமல் போகலாம்.

1989 இல் வெளிவந்த ‘கைட்’ தொகுப்பிலிருந்து எடுத்த பாடல்களே இறுவட்டின் வலுவான பகுதி. தாட்சரின் ஆட்சிக்காலப் பேராசையைச் சாடும் ‘ஃப்ரீ வேர்ல்ட்’ மூன்று நிமிடத்துக்குள் மூச்சுவிடாமல் ஓடி முடிகிறது. அடுத்த காலகட்டத்தைச் சேர்ந்த ‘வோக்கிங் டவுன் மடிசன்’ த ஸ்மித்ஸின் முன்னாள் கிற்றார் கலைஞர் ஜோனி மாருடன் சேர்ந்து எழுதியது; நியூ யோர்க்கின் செல்வத்தையும் தெருவோர வறுமையையும் ஒரே வீதியில் காட்டும் அப்பாடலில் ராப்பும் கலந்திருக்கிறது. மீனும் உருளைக்கிழங்குப் பொரியலும் விற்கும் கடையில் வேலை செய்துகொண்டு தன்னை எல்விஸ் என்று சத்தியம் செய்பவனைப் பற்றிய 1981 ஆம் ஆண்டுப் பாடல் நகைச்சுவைக்காகப் புகழ்பெற்றது. எனக்கு அது சில தடவைகளுக்குப் பின் சலித்துவிட்டது. இறுதியில் அமெரிக்கப் பாடகர் ஈவன் டாண்டோவுடன் பாடிய ‘பெர்ஃபெக்ட் டே’ சோர்வானது, அதை நான் பெரும்பாலும் தவிர்த்துவிடுகிறேன்.

இத்தொகுப்பு 1995 உடன் நின்றுவிடுவதுதான் பெரிய குறை. கியூபா, பிரேசில் இசையில் தோய்ந்து 2000 இல் அவர் வெளியிட்ட ‘ட்ரொபிக்கல் பிரெய்ன்ஸ்டோர்ம்’ இதில் இருக்க வழியில்லை. அதே ஆண்டு டிசம்பர் 18 அன்று மெக்சிக்கோவின் கொசுமேல் கடலில், விரைவுப் படகொன்றின் பாதையிலிருந்து தன் மகனைத் தள்ளிவிட்டுத் தான் அடிபட்டு இறந்தார், வயது 41. எனவே ‘கலோர்’ வாங்குபவர்கள் கூடவே அந்தக் கடைசித் தொகுப்பையும் வாங்குவது நல்லது. 2005 இல் வந்த ‘ஃப்ரொம் குரொய்டன் டு கியூபா’ என்ற மூன்று இறுவட்டுத் தொகுதி முழுக் காலத்தையும் தருகிறதே என்று கேட்கலாம். அது ஏற்கனவே அவரை விரும்புபவர்களுக்கு உரியது. புதியவர் அதில் தொடங்கினால் சிறந்த பாடல்களை அடைவதற்குள் களைத்துவிடுவார்.