பென்ஷன் பணத்தில் கூடுதலாகப் பிடித்த வரி: எந்த வழியில் திரும்ப வாங்குவது?

பிரிட்டனில் கடையிலோ கேர் ஹோமிலோ பல வருடம் உழைத்துவிட்டு நின்ற நம்மவர்களில் நிறையப் பேருக்குச் சின்னதாக ஒரு பென்ஷன் நிதி இருக்கும். 55 வயது தாண்டியதும் அதை மொத்தமாக எடுக்கிறார்கள். வங்கிக்கு வந்த தொகையைப் பார்த்ததும் நெஞ்சு பகீரென்கிறது.

ஒரு கணக்குப் பார்ப்போம். இங்கிலாந்தில் அறுபது வயதுப் பெண், வேறு வருமானம் எதுவும் இல்லை, நிதியில் 16,000 பவுண்ட். கால் பங்கான 4,000-க்கு வரி கிடையாது. மீதி 12,000. ஆண்டு வரிவிலக்கு 12,570 என்பதால் அவர் கட்டவேண்டிய வரி ஒரு பென்ஸ்கூட இல்லை. ஆனால் பென்ஷன் நிறுவனத்திடம் அவருடைய சரியான வரி கோட் (எவ்வளவு வரி பிடிக்கவேண்டும் என்று சொல்லும் குறியீடு) இருக்காது. அதனால் எமர்ஜென்சி கோட் என்ற தற்காலிகக் குறியீட்டில் கழிப்பார்கள். அந்த 12,000 ஒவ்வொரு மாதமும் வரப்போகிற வருமானம் என்பதுபோலக் கணக்கு ஓடும். விலக்கில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 1,048 பவுண்ட் மட்டுமே கிடைக்கும். கடைசியில் சுமார் 3,780 பவுண்ட் வரியாகப் போய்விடும்.

இதை மீட்கப் பல படிவங்கள் உண்டு, குழப்பமே அங்கேதான். நிதியை முழுக்க எடுத்துவிட்டீர்கள், அந்த வரி ஆண்டில் வேறு வருமானமே இல்லை என்றால் பி50இசட். முழுக்க எடுத்தும், வேறு வருமானம் இருந்தால் பி53இசட். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். அரசு ஓய்வூதியமும் வருமானம்தான். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்வதற்காக வரும் கேரர்ஸ் அலவன்ஸும் வரிக்குரியதே. 'நான் வேலைக்குப் போகவில்லை, அதனால் வருமானம் இல்லை' என்று நினைத்து பி50இசட் போட்டுவிடாதீர்கள். பராமரிப்பு தேவைப்படும் முதியோருக்கான அட்டெண்டன்ஸ் அலவன்ஸ், வருமானம் குறைந்த முதியோருக்கான பென்ஷன் கிரெடிட் போன்றவை வரிக்கணக்கில் சேராது.

நிதியில் ஒரு பகுதியை மட்டும் எடுத்து, அந்த ஆண்டில் இனி எடுக்கப் போவதில்லை என்றால் பி55.

நிதி 10,000 பவுண்டுக்குள் இருந்தால் 'சிறு தொகை' என்ற முறையில் கேட்டுப் பாருங்கள். கால் பங்கு போக மீதிக்கு நேரே 20 சதவீதம்தான் பிடிப்பார்கள்: 10,000-க்கு 1,500. அதையே எமர்ஜென்சி கோடில் எடுத்தால் சுமார் 1,950 போகும். சிறு தொகை முறையில் எடுத்தவர்கள் வரியைத் திரும்ப வாங்கத் தனிப் படிவம், பி53.

படிவமே போடாமல் காத்திருப்பது இன்னொரு வழி. ஏப்ரல் 5-இல் வரி ஆண்டு முடிந்தபின் பிரிட்டன் வரித்துறையான எச்.எம்.ஆர்.சி. கணக்குப் பார்த்துக் கடிதம் அனுப்பும். மே மாதம் பணம் எடுத்தவருக்கு அது ஒரு வருடத்துக்கும் மேல் ஆகலாம். சரியான படிவம் போட்டால் 30 நாளில் தர முயல்வதாக எச்.எம்.ஆர்.சி. சொல்கிறது. வருமானமே இல்லாத ஒருவரின் 3,780 பவுண்ட் அத்தனை நாள் அங்கே கிடக்கவேண்டிய அவசியம் என்ன? கமிஷன் வாங்கிக்கொண்டு படிவம் நிரப்பித் தருபவர்களும் வேண்டாம். படிவங்கள் எல்லாம் இலவசம், ஆன்லைனிலேயே போடலாம். எவ்வளவு தந்தார்கள், எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டிப் பென்ஷன் நிறுவனம் தரும் பி45 சான்று கையில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இன்னும் பணம் எடுக்காதவர்களுக்கு இவை எல்லாவற்றையும்விட நல்ல வழி ஒன்று இருக்கிறது. முதலில் சில நூறு பவுண்ட் மட்டும் எடுங்கள். அது மாத விலக்குக்குள் அடங்கிவிடும் என்பதால் பெரும்பாலும் வரி பிடிக்கமாட்டார்கள். அந்தத் தகவல் எச்.எம்.ஆர்.சி.க்குப் போய், உங்களுக்கான கோட் நிறுவனத்துக்கு வரும். அது வந்துவிட்டதா என்று போனில் கேட்டு உறுதி செய்தபின் மீதியை எடுங்கள். கூடுதல் வரி பிடிப்பதே பெரும்பாலும் தவிர்ந்துவிடும். சில நிறுவனங்கள் பகுதி பகுதியாகத் தராது. அதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

முந்தைய ஆண்டுகளில் எடுத்து ஏமாந்தவர்களுக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. அந்த வரி ஆண்டு முடிந்து நான்கு ஆண்டு வரை திரும்பக் கேட்கலாம். பழைய கடித உறைகளை இன்றைக்கே ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.