பெரியப்பாவின் மொரிஸ் மைனரும் கொக்குவில் கராஜும்

யாழ்ப்பாணத்தில் பழைய இங்கிலீஷ் கார் வைத்திருக்கும் சொந்தக்காரர் உங்களுக்கு இருந்தால், அதைத் திருத்த நல்ல கைகள் அங்கே இன்னும் இருக்கின்றன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மொரிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் அங்கே கல்யாண வீட்டுக்கும் கோயிலுக்கும் இன்றும் ஓடுகின்றன.

பெரியப்பாவிடம் இருப்பது மொரிஸ் மைனர் 1000, 1098 சிசி எஞ்சின். தை மாதம் நான் போனபோது அதற்கு இரண்டு வருத்தம். விடியற்காலையில் சோக்கை (குளிர்ந்த எஞ்சினுக்குப் பெற்றோலைக் கூட்டும் பிடி) முழுதாக இழுத்தாலும் லேசில் ஸ்டார்ட் ஆகாது. ஸ்டார்ட் ஆனாலும் சந்தியில் நிற்கும்போது வண்டி முழுக்க உதறும், சில வேளை நின்றுவிடும். ரோட்டில் ஓடும்போது ஒரு குறையும் இல்லை. ரொறன்ரோவில் மைனஸ் 20 பாகையில் கார் அடம்பிடித்தால் குளிரைச் சொல்லலாம். யாழ்ப்பாணத்துத் தைப் பனி 20 பாகைக்குக் கீழே இறங்குவதே அரிது. வேறு ஏதோ குறை இருந்திருக்கிறது.

முன்பு காட்டிய ஒரு கராஜில் கொயிலையும் நாலு பிளக்கையும் மாற்றி, பெற்றோலையும் காற்றையும் கலக்கும் காபரேட்டரில் பெற்றோலைக் கூட்டி, ஐடில் (வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடும் வேகம்) ஸ்குரூவை முறுக்கி அனுப்பியிருந்தார்கள். எஞ்சினை நின்று கேட்டவர் ஒருவரும் இல்லை. வயதான மனிதர் நம்பிக் கொடுத்த காசு அது. எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

அப்புறம் அயலவர் ஒருவர் கொக்குவில் பக்கம் ஒரு கராஜைச் சொன்னார். தகரக் கூரை, மாமர நிழல், எழுபதை நெருங்கும் ஒரு ஐயா. பொனற்றைத் திறக்க முதலே கேட்டார்:

"தம்பி, சூடேறின பிறகும் உதறுதோ, இல்லாட்டி விடிய மட்டுமோ?"

"சூடேறியும் உதறுது, ஐயா."

"அப்ப சோக்கைப் பிறகு பாப்பம். முதல்ல காத்து எங்கால போகுதெண்டு தேடுவம்."

பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தார். 1, 2 இரண்டிலும் கரி. 3, 4 இரண்டும் வெளிறியிருந்தன. அந்த இடத்திலேயே பாதி விஷயம் தெரிந்துவிட்டது. இந்த எஞ்சினின் ஹெட்டில் காற்றும் பெற்றோலும் உள்ளே போக இரண்டு துவாரங்கள்தான். 1, 2 சிலிண்டர்களுக்கு ஒன்று, 3, 4க்கு மற்றது. ஒரு சோடி மட்டும் வெளிறினால், அந்தப் பக்கத்தால் காபரேட்டர் வழியே வராத கள்ளக் காற்று உள்ளே போகிறது. முந்திய கராஜ் பெற்றோலைக் கூட்டியதில் நல்ல சோடிக்குத்தான் கரி பிடித்திருக்கிறது.

எஞ்சினை ஓடவிட்டு, எண்ணெய்க் குப்பியால் மனிபோல்ட் (காற்றும் பெற்றோலும் ஹெட்டுக்குப் போகும் குழாய்) பூட்டும் இடத்தை அடைக்கும் காஸ்கெற்றின் ஓரத்தில் எஞ்சின் ஒயில் சில சொட்டு விட்டார். உதறல் கொஞ்ச நேரம் அடங்கி மறுபடி வந்தது. சிலர் இந்தச் சோதனைக்குப் பெற்றோல் தெளிப்பார்கள். இந்த எஞ்சினில் புகைக்குழாயும் அதே பக்கம் இருக்கிறது, தீப்பிடிக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

ரோட்டில் ஏன் தெரியவில்லை என்றால், வேகத்தில் எஞ்சின் இழுக்கும் காற்றோடு பார்க்க அந்த ஒழுக்கு சிறியது. ஐடிலில் அதுவே பெரிய பங்கு. விடியலில் இன்னும் மோசம். குளிர்ந்த எஞ்சினில் பெற்றோல் முழுதாக ஆவியாகாது, மிச்சம் குழாய்ச் சுவரில் ஈரமாக ஒட்டிவிடும். அதற்காகத்தான் சோக் இழுக்கிறோம். இந்தக் காரில் இருக்கும் எஸ்.யூ. காபரேட்டரில் சோக் காற்றை மறைக்காது, பெற்றோல் வரும் சிறு குழாயான ஜெற்றைக் கீழே இறக்கிப் பெற்றோலைக் கூட்டும். பெரியப்பாவின் காரில் சோக் கேபிள் தளர்ந்து, ஜெற் பாதிதான் இறங்கியது.

இதையெல்லாம் ஐயா படித்தது 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் கிடைக்காத யாழ்ப்பாணத்தில் சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடான பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டினார்கள். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. எரிபொருள் எப்போது ஆவியாகும், எப்போது ஆகாது என்பதை அந்தத் தலைமுறை மெக்கானிக்குகள் நாள்தோறும் கையால் அறிந்தவர்கள். மாற்றப் பாகம் இல்லாததால் முதலில் பிழையைக் கண்டுபிடித்தே ஆகவேண்டும். இந்த ஒழுங்கு எந்த ஊர்க் கராஜிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

காஸ்கெற் கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பஸ்ஸில் வந்தது. மனிபோல்ட் முகம் வளைந்திருக்கிறதா என்று இரும்பு அடிமட்டம் வைத்துப் பார்த்துத்தான் பூட்டினார். பிறகு இடைவெளிகளைச் சரிசெய்தார்: வால்வு 12 தௌ (ஒரு தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக்கின் பொறிக்காக மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பொயின்ற் 15 தௌ, பிளக் 25 தௌ. காபரேட்டரைத் தொட்டது கடைசியில்தான். மற்றவை சரியாகாமல் அதைத் திருகினால் பிழை மறையுமே தவிரப் போகாது. எஞ்சின் ஓடும்போது காபரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றர் அளவு தூக்கிப் பார்த்தார். எஞ்சின் வேகம் ஏறி அப்படியே இருந்தால் பெற்றோல் கூட, எஞ்சின் நின்றுபோனால் குறைவு, வேகம் லேசாக ஏறி இறங்கினால் சரி.

கூலி, முந்திய கராஜ் வாங்கியதிலும் குறைவு. நேரம் மட்டும் பொறுக்க வேண்டும். அவர் ஒரே ஆள், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு வேலை செய்யமாட்டார். ஊருக்குப் போகிறவர்கள் முதல் கிழமையிலேயே காரைக் கொண்டுபோய் விடுங்கள். லண்டனில் இருந்து போகிறவர்களுக்கு இன்னொன்று: மைனருக்கான காஸ்கெற், பொயின்ற், சோக் கேபிள் லண்டனில் இன்னும் புதிதாக விற்கிறார்கள். பெட்டியில் ஒரு மூலை போதும். பொயின்றோடு சேர்ந்து வேலை செய்யும் கொண்டென்சரும் வாங்கினால் மலிவானதை எடுக்காதீர்கள், அது கெதியில் செத்துவிடும்.