இரண்டு டூட்டூ வாங்கினேன், ஒன்றுதான் தேறியது

பெண்ணுக்குப் பதினோரு வயது, லண்டனில் நாலு வருடமாக பாலே கற்றுக்கொள்கிறாள். இந்த வருட நிகழ்ச்சியில் முதல்முறையாகத் தனியாக ஒன்றரை நிமிடம் ஆடப் போகிறாள், அதற்கு டூட்டூ, அதாவது பாலே ஆடுகிறவர்கள் போடும் நெட் பாவாடை, வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். சரி, குட்டைப் பாவாடைதானே என்று ராத்திரி படுத்துக்கொண்டே போனில் 14 பவுண்டுக்கு ஒன்றை ஆர்டர் போட்டேன். அதுதான் தப்பு.

வந்து சேர்ந்தது ஒரு எலாஸ்டிக் பட்டி, அதில் மூன்று அடுக்கு நெட் துணி, தொட்டால் கொட்டும் ஜிகினா. படத்தில் தட்டு மாதிரி விரிந்திருந்தது கையில் எடுத்தால் நனைந்த கோழி மாதிரி தொங்கியது. "அப்பா, இது பர்த்டே பார்ட்டிக்குப் போடுறது" என்று பெண் கழற்றி வைத்துவிட்டாள். டீச்சரிடம் காட்டினேன். இதில் கால் எங்கே தெரியும் என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகுதான் இந்த உடுப்பைப் பற்றி உட்கார்ந்து படித்தேன், பார்த்தால் கிட்டத்தட்ட முந்நூறு வருடக் கதையும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

1730 வாக்கில் பாரிஸ் ஆபரா மேடையில் பெண்கள் தரையைக் கூட்டும் கனத்த பாவாடையோடு ஆடிக்கொண்டிருந்தார்கள். மரி கமார்கோ என்ற ஆட்டக்காரி, குதித்து அந்தரத்தில் கால்களை மாற்றி மாற்றி அடிப்பதில் கெட்டிக்காரி, அதுவரை ஆண்கள் செய்து கைதட்டு வாங்கிய வித்தை அது. செய்தும் யார் கண்ணிலும் படவில்லையென்றால் என்ன பிரயோஜனம்? பாவாடையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிவிட்டார். நூறு வருடம் கழித்து, 1832இல், அதே பாரிஸில் 'லா சில்ஃபீட்' ஆட்டத்தில் மரி டாலியோனி பாதிக் கெண்டைக்கால் வரை வரும் வெள்ளை மணி போன்ற பாவாடையோடு விரல் நுனியில் நின்று ஆடினார், 'கிஸெல்' என்ற பாலேயை ஆடுகிறவர்கள் இன்றைக்கும் அந்த நீளத்தில்தான் கட்டுகிறார்கள். அப்படிப் புகை மாதிரி மிதக்கும் துணி கிடைத்ததற்குக் காரணம் ஓர் இயந்திரம். கையால் பின்னிக்கொண்டிருந்த வலைத்துணியை நெய்வதற்கு இங்கிலாந்தின் ஜான் ஹீத்கோட் 1808இல் காப்புரிமை வாங்கினார், பின்னால் இயந்திர எதிர்ப்பாளர்கள் அவருடைய ஆலையையே அடித்து நொறுக்கினார்கள்.

பாவாடை மேலே ஏறியது அத்தோடு நிற்கவில்லை. 1885இல் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் போன இத்தாலிய ஆட்டக்காரி வர்ஜீனியா ஜுக்கி, அங்கே வழக்கமான நீளப் பாவாடை வேண்டாம் என்று அடம்பிடித்துக் குட்டையாகப் போட்டுக்கொண்டார். 1895இல் அதே ஊரில் 'ஸ்வான் லேக்' ஆடிய பியரீனா லென்யானி ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைச் சாட்டை மாதிரி வீசி 32 முறை சுற்றினார். முழங்காலுக்குக் கீழே தொங்கும் துணியோடு அதைச் சுற்றினால் நமக்குத் தெரிவது ஒரு பம்பரம் மட்டும்தான். விறைத்த தட்டு வடிவம் அதற்கும் பிறகு வந்தது. டூட்டூ என்ற பெயரே பிரெஞ்சுக் குழந்தைப் பேச்சில் பின்பக்கத்தைக் குறிக்கும் சொல்லின் திரிபு என்று அகராதிகள் சொல்கின்றன, அதைப் பெண்ணிடம் சொன்னதிலிருந்து வீட்டில் மரியாதையாக யாரும் அந்தப் பெயரை உச்சரிப்பதில்லை.

ஊரில் இருக்கும் என் அம்மா வீடியோ காலில் பார்த்துவிட்டு, ஏண்டா இந்தப் பாவாடை, பரதம் சேர்த்துவிட்டிருக்கலாமே என்றார். கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி முதலில் கற்றுக்கொண்டது பாலேதான், ரஷ்ய பாலே ஆட்டக்காரி அன்னா பாவ்லோவாவின் குழுவிலிருந்த கிளியோ நார்டியிடம், நம் நாட்டு ஆட்டத்தைத் தேடிப் போகச் சொன்னதும் அந்தப் பாவ்லோவாதான் என்றேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை, அப்புறம் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

முதல் டூட்டூவில் உருப்படியாக இருந்தது ஒன்றே ஒன்று, 'தீயிலிருந்து தள்ளி வைக்கவும்' என்ற சிவப்பு எழுத்து லேபிள். டாலியோனியின் மாணவி எம்மா லிவ்ரி 1862 நவம்பரில் பாரிஸில் ஒத்திகை நடக்கும்போது மேடையின் கேஸ் விளக்கில் பாவாடை பட்டுத் தீப்பிடித்து உடம்பு வெந்துபோனார். வயது 20. எட்டு மாதம் உயிரோடு போராடி இறந்தார். தீப்பிடிக்காமல் இருக்க மருந்தில் நனைத்த துணி அப்போதே இருந்தது, அது விறைத்து மங்கிப்போகிறது என்று அவர்தான் மறுத்திருந்தார். எரிந்த உடையின் மிச்சத்தைப் பாரிஸ் ஆபராவின் நூலக அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். இதைப் படித்த பிறகு நெட் துணி எதை வாங்கினாலும் லேபிளைத்தான் முதலில் புரட்டுகிறேன்.

இரண்டாவது டூட்டூவை ஆட்டக்காரர்களுக்கே தைக்கும் ஓர் அம்மாவிடம் 70 பவுண்டு கொடுத்து வாங்கினேன். ஜட்டியோடு சேர்ந்த இடுப்புத் துணி, அதன் மேல் கீழிருந்து மேலாக ஏழு அடுக்கு நெட், ஒவ்வொன்றும் கீழே இருப்பதைவிடக் கொஞ்சம் அகலம். அடிஅடுக்கு குட்டையாக இருப்பதால்தான் மேல் அடுக்குகளைத் தூக்கிப் பிடிக்கிறது. அடுக்குகளை அங்கங்கே தளர்வாகக் கையால் தைத்துப் பிணைத்திருக்கிறார், அந்தத் தையல் இல்லையென்றால் ஒவ்வொன்றும் ஒரு திசையில் பறக்கும். முதுகில் ஜிப் கிடையாது, கொக்கிதான். ஜிப் ஒன்று மேடையில் பிய்ந்தால் கதை முடிந்தது, கொக்கியில் ஒன்று போனாலும் மற்றவை பிடித்துக்கொள்ளும்.

தட்டு மாதிரி விறைப்பாக நிற்க வைக்கும் கம்பி வளையம் உள்ளே இல்லை என்று பார்த்ததும் ஏமாற்றிவிட்டார்களோ என்று நினைத்தேன். அப்படியில்லை. கம்பி வைத்த டூட்டூ, பத்துப் பேர் நெருக்கி நின்றால் ஒன்றோடொன்று முட்டித் தட்டு மாதிரி ஒருபக்கம் சாய்ந்து எழும்பும். 1950இல் நியூயார்க்கில் நடன அமைப்பாளர் பாலன்ஷீனின் 'சிம்பொனி இன் சி' ஆட்டத்துக்காக உடை தைக்கும் கரின்ஸ்கா என்ற அம்மா கம்பியை எடுத்துவிட்டு, ஆறேழு குட்டை அடுக்குகளைத் தளர்வாகப் பிணைத்துப் பவுடர் பஞ்சு மாதிரி ஒன்றைத் தைத்தார். எங்களுடையது அந்த வம்சம். குழந்தைக்கு இதுதான் நல்லது என்பேன், இடுப்பும் தெரிகிறது, கால் முழுசும் தெரிகிறது, பஸ்ஸில் எடுத்துப்போகவும் முடிகிறது.

குறையும் உண்டு. இடுப்புப் பக்கத்தில் நெட் குத்துகிறது என்று முதல் வாரம் முழுக்கப் புலம்பினாள், நானே உள்ளே ஒரு பருத்தித் துண்டு வைத்துத் தைத்தேன். துவைக்கவும் முடியாது, துவைத்தால் விறைப்புப் போய்விடும். நாடகக் கம்பெனிகளில் வியர்வை வாடைக்கு வோட்காவும் தண்ணீரும் கலந்து தெளிப்பார்களாம், செய்து பார்த்தேன், வேலை செய்கிறது, மனைவிதான் பாட்டிலை எண்ணிப் பார்த்தாள். தொங்கவிடுவதென்றால் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும், எங்கள் ஃபிளாட்டில் அதற்கு இடம் குளியலறைக் கதவு மட்டும்தான்.

முதல் கடை பணம் திருப்பித் தரவில்லை, டேக்கை வெட்டிவிட்டீர்கள் என்று பதில் வந்தது. அரை நட்சத்திரம் கொடுக்கிறேன், அதுவும் அந்த லேபிளுக்காக. தைக்கிற அம்மாவுக்கு நாலரை. அவரிடமோ அவர் மாதிரி யாரிடமோ போனால் ஆறு வாரம் முன்னாடியே சொல்லிவிடுங்கள். இடுப்பு அளவு மட்டும் போதாது, தோளிலிருந்து கால் நடுவே கொண்டுபோய் மறுபடி தோள் வரை ஒரு சுற்று அளவு எடுக்க வேண்டும். அளக்கும்போது பிள்ளைகள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்பார்கள், மூச்சை விடச் சொல்லி அளவெடுங்கள். கொக்கிக்கு மூன்று வரிசைக் காது வைத்துக் கேளுங்கள், அடுத்த வருடமும் போடலாம்.