மெம்லிங்கின் ‘ரோமானிய நாணயத்துடன் ஒரு மனிதர்’: அச்சுப் பிரதி பற்றி

ஹான்ஸ் மெம்லிங் 1470களில் வரைந்த இந்த உருவப்படத்தின் அசல், ஆன்ட்வெர்ப் அரச நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இணையவழி விற்பனையகம் ஒன்றில் நான் வாங்கிய இதன் அச்சுப் பிரதியில் வண்ணத்தைக் குறை சொல்வதற்கில்லை. கறுப்பு உடை வெறும் கறுப்புத் திட்டாகிவிடவில்லை. தொப்பிக்கு வெளியே வழியும் சுருள்முடியின் இழைகள் பின்னணியில் தனித்துத் தெரிகின்றன. அவர் கையிலுள்ள நாணயத்தில் நீரோ மன்னனின் பக்கவாட்டு முகமும் தெளிவாக இருக்கிறது.

ஆனால், சட்டத்தின் அளவுக்குப் பொருந்துவதற்காகக் கீழ் விளிம்பை வெட்டியிருக்கிறார்கள். அசலில் அந்த விளிம்பில்தான் லாரல் இலைகள் எட்டிப் பார்க்கின்றன. அலங்காரம்தானே என்று இதை விட்டுவிட முடியாது. பின்னணி நிலக்காட்சியில், வடபுலத்து மரங்களுக்கு நடுவே சற்றும் பொருந்தாமல் ஒரு பனை நிற்கிறது. லாரலும் பனையும் சேர்ந்தது வெனிஸ் நகரப் பிரமுகர் பெர்னார்தோ பெம்போவின் சின்னம். வாஷிங்டனில் உள்ள லியோனார்டோவின் ‘ஜினெவ்ரா தெ பென்சி’ ஓவியத்தின் பின்பக்கத்திலும் இவ்விரண்டும் ஒரு ஜூனிப்பர் கிளையைச் சூழ்ந்திருக்கின்றன. அங்குள்ள வாசகத்துக்கு அடியில் பெம்போவின் சொந்தக் குறிமொழி மறைந்திருப்பதை அகச்சிவப்பு ஆய்வு காட்டியது. பழம்பொருள்களில் நாட்டம் கொண்ட அவர் 1471 முதல் 1474 வரை இன்றைய பெல்ஜியப் பகுதிகளையும் ஆண்ட பர்கண்டி கோமகனின் அரசவையில் வெனிஸின் தூதராக இருந்தார். மெம்லிங்கோ அந்த ஆட்சிக்கு உட்பட்ட புரூஜ் நகரில் தொழில் செய்தவர். இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தே அறிஞர்கள் பலர் படத்தில் இருப்பவரைப் பெம்போ என்கிறார்கள். படத்தில் பெயர் எதுவும் எழுதப்படாததால், இது வலுவான ஊகமே தவிர முடிந்த முடிவன்று.

பிரதியுடன் வரும் விளக்கத் தாளோ, நாணயத்தை மட்டும் பார்த்து இவரைப் பதக்கம் வார்க்கும் கலைஞர் என்று அடித்துச் சொல்கிறது. முன்பு அப்படியும் ஒரு கருத்து இருந்தது உண்மைதான். ஆனால் அது பனைக்கும் இலைகளுக்கும் விளக்கம் தருவதில்லை. இலைகளை வெட்டி எறிந்தவர்களுக்கு அந்தக் கேள்வியே எழுந்திருக்காது போலும்!

சுவரில் மாட்டி அழகு பார்க்க இந்தப் பிரதி தாராளமாகப் போதும். படத்தை வாசித்தறிய விரும்புவோர், அசலின் உயரம் ஏறக்குறைய 31 செ.மீ. மட்டுமே என்பதால், பெரிய அளவுக்கு ஆசைப்படாமல், விளிம்பு வெட்டப்படாத பிரதி கிடைக்குமா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.