பேட்டரி லைட் எரியுதா? பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க (எனக்குப் போனது 16,400 ரூபாய்)

நேத்து ராத்திரி வீடு வந்து சேரும்போது மணி ஒன்றரை. ஆத்திரம் அடங்கல, அதான் விடிஞ்சதும் எழுதுறேன்.

என்னோடது 2012 மாடல் டீசல் கார். மூணு வாரம் முன்னாடி மீட்டர்ல அந்தச் சிவப்பு பேட்டரி படம் மங்கலா எரிய ஆரம்பிச்சது. பகல்ல கையால மறைச்சுப் பார்த்தாத்தான் தெரியும். ஏசியும் ஹெட்லைட்டும் சேர்த்துப் போட்டா பளிச்சுன்னு தெரியும்.

திருச்சி பைபாஸ் ஓரம் ஒரு ஒர்க்‌ஷாப். எல்லா கம்பெனி வண்டியும் பார்க்கிற இடம், உட்கார ஏசி ரூம் வேற. பேர் எழுதல, அதுக்கு வேற யார் அலையறது. ஓனர் எங்கம்மாவைப் பார்த்ததும் எழுந்து சேர் போட்டார். சர்க்கரை இல்லாத டீ வரவழைச்சார். என்கிட்ட "டீச்சரா மேடம்? என் பொண்ணும் எட்டாவதுதான், கணக்குதான் வர மாட்டேங்குது"ன்னார். நான் அங்கேயே விழுந்துட்டேன். அரை மணி நேரம் அந்தப் பொண்ணோட கணக்கைப் பத்தித்தான் பேசினேன், என் காரைப் பத்தி இல்ல.

அதுக்குள்ள ஒரு பையன் பானெட்டைத் தூக்கி, பேட்டரியைத் தட்டிப் பார்த்துட்டு "போச்சு மேடம்"னான். வோல்ட் மீட்டர் வைக்கவே இல்ல. புது பேட்டரி 5,900. பழசுக்கு ஒரு ரூபாய்கூட கழிக்கல.

லைட் அணையல. நாலு நாள் கழிச்சுப் போனேன். "அப்போ டைனமோதான் மேடம், புதுசு போட்டா இன்னும் பத்து வருஷத்துக்குத் தொட வேண்டாம்." இன்ஜின் ஓடும்போது பேட்டரியை சார்ஜ் பண்ற சாமான்தான் டைனமோ (ஆல்டர்னேட்டர்). அது 9,500, கூலி 1,000. ஆக மொத்தம் 16,400. மூணு நாள் லைட் எரியல. நாலாவது நாள் திரும்ப அதே மங்கல்.

போன் பண்ணினா "புது டைனமோ செட் ஆகணும், ஒரு 200 கிலோமீட்டர் ஓட்டுங்க." அடுத்த தடவை "சென்சாரா இருக்கும், லைட்டைக் கண்டுக்காதீங்க." அப்புறம் போனே எடுக்கல. வாட்ஸ்அப்ல நீல டிக் மட்டும் விழும். வகுப்புல யாராவது "செட் ஆகணும் மிஸ்"னு சொன்னா விட்டிருப்பேனா? இவர் சொன்னதைக் கேட்டு நானும் ஓட்டினேன் பாருங்க.

நேத்து அம்மாவைக் கண்ணுக்குக் காட்டிட்டு மதுரையிலிருந்து திரும்புறோம். மேலூர் தாண்டினதும் ஹெட்லைட் மங்கிச்சு. துவரங்குறிச்சி வர்றதுக்குள்ள ஸ்டீயரிங் லைட்டும் எரிஞ்சு, வண்டி நின்னே போச்சு. கண்ணுல மருந்து போட்டு பார்வை தெளியாத அம்மா, பக்கத்துல லாரி லாரியா போகுது. டீக்கடைக்காரர் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் பெரியவரைக் கூப்பிட்டு விட்டார். டிவிஎஸ் மொபட்ல வேற பேட்டரியைக் கட்டிக்கிட்டு வந்து ஸ்டார்ட் பண்ணினார்.

முதல் வேலையா டைனமோ பின்னாடி வோல்ட் மீட்டர் வச்சார், 14.3 வோல்ட். பேட்டரில வச்சார், 11.9. "டைனமோ குடுக்குதும்மா, பேட்டரிக்கு வந்து சேரல"ன்னார். வண்டியை நிறுத்தி, பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, டைனமோ பின்னாடி இருந்த கறுப்பு ரப்பர் மூடியைப் பிதுக்கினார். உள்ள பேட்டரிக்குப் போற தடி வயரோட கண் (நட்டுல மாட்டுற வளையம்) பச்சைப் பூத்து, ஒரு பக்கம் கருகிக் கிடந்தது. நட்டு விரலாலேயே சுத்துது. கருகினதை வெட்டி எறிஞ்சு, செம்பு பளபளக்கச் சுரண்டி, புது கண் போட்டு முறுக்கினார். திரும்ப ஸ்டார்ட் பண்ணினதும் பேட்டரில 14.1. லைட் அணைஞ்சது. 300 ரூபாய் வாங்கிக்கிட்டார்.

மூடும்போது டார்ச் அடிச்சுக் காட்டினார். டைனமோ மேல சில்வர் பெயின்ட், அதுக்கு அடியில பழைய போல்ட் தேய்ஞ்ச தடம். "இது புதுசு இல்லம்மா, ரீகண்டிஷன் சாமான்." என்னோட நல்ல டைனமோவைக் கழட்டி வச்சுக்கிட்டு, எவனோட பழசையோ எனக்கு 9,500-க்கு வித்திருக்காங்க.

இன்னைக்குக் காலையில வேற நம்பர்லேருந்து கூப்பிட்டேன், எடுத்துட்டார். "ரோட்டோரத்துல கண்டவங்க கை வச்சா வாரண்டி கிடையாது மேடம்." என் பழைய டைனமோ? "அது ஸ்க்ராப்புக்குப் போயாச்சு."

என்னென்ன பார்க்கணும்னு விவரமா எழுதணும்னு இருந்தேன், ஸ்கூல் பஸ் வந்துடும். அந்த லைட் பேட்டரி கெட்டதுக்குன்னு நினைக்காதீங்க, சார்ஜ் ஆகலைன்னு சொல்லுது. வண்டி ஓடாதப்போ பேட்டரில சுமார் 12.6 வோல்ட், ஓடும்போது 13.8-லேருந்து 14.4 வரைக்கும் காட்டணும். குறைஞ்சா டைனமோ பின்னாடியும் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க. பெல்ட், எர்த் வயரையும் பார்க்கச் சொல்லுங்க. கழட்டின சாமானைக் கையோட வாங்கிக்கோங்க. எனக்குக் கொடுத்தது 'எஸ்டிமேட்'னு போட்ட வெள்ளைச் சீட்டு, ஜிஎஸ்டி நம்பர் இல்ல. பேட்டரி வாரண்டி கார்டுல சீலும் இல்ல, தேதியும் இல்ல. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.

நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு மதியம் பேசணும். சாயங்காலம் நேர்லயே போறேன், அம்மா வேண்டாங்கிறாங்க. 16,400 ரூபாய், என்னால விட முடியாது.