ஸ்காபரோவில கனடாச் சாமான் தேடுற ஆக்களுக்கு ஒரு கடை

ரொறன்ரோவின்ர ஸ்காபரோப் பக்கம், மார்க்கம் ரோட்டில நான் கிழமைக்கு ஒருக்கா போற தமிழ்க் கடையைப் பற்றி எழுதவேணும் எண்டு கன நாளா நினைச்சுக்கொண்டிருந்தனான். கடைக்கார அண்ணை பேர் போடவேண்டாம் எண்டு சொல்லிட்டார். ஆனா அந்தப் பக்கம் இருக்கிற ஆக்களுக்கு வாசிக்கேக்கயே பிடிபட்டிடும், மரக்கறித் தட்டுக்கு மேல எல்லாம் மஞ்சள் மட்டையில கறுப்பு மார்க்கரால சாமான் வந்த நாட்டின்ர, ஊரின்ர பேர் எழுதித் தொங்கவிட்டிருக்கிற கடை.

2025 மாசி முதலாம் திகதி ட்ரம்ப் கனடாச் சாமானுக்கு 25 வீத வரி எண்டு கையெழுத்து வச்ச கிழமையில இருந்து எங்கட வீட்டில ஏலுமான வரைக்கும் அமெரிக்கச் சாமான் வாங்கிறேல்ல. வரியை விட எனக்குச் சுட்டது கனடாவை அமெரிக்காவின்ர 51வது மாநிலமாக்கவேணும் எண்டு அவர் சொன்ன கதைதான். ஊரை விட்டு ஓடி வந்த எங்களுக்கு இருக்க இடம் தந்து பிள்ளையளையும் படிப்பிச்ச நாடு, அதைப் போய் ஒருத்தர் தன்ர வளவு மாதிரிக் கதைக்கேக்க கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மனம் வரேல்ல. பங்குனி 4ம் திகதி ஒன்ராறியோ அரசாங்கத்தின்ர குடிவகைக் கடையான எல்சிபிஓ அமெரிக்கக் குடிவகை எல்லாத்தையும் தட்டில இருந்து இறக்கினதை டிவியில பாத்திட்டு என்ர மனுசன் சொன்னார், அவங்கள் இறக்கிட்டாங்கள், நாங்கள் குசினியில இறக்குவம் எண்டு.

சொல்லுறது சுகம், கடைக்குள்ள போனாத்தான் கஷ்டம் விளங்கும். பெரிய சுப்பர் மார்க்கற் ஒண்டில மேப்பிள் இலை போட்ட போர்டுக்குக் கீழ ஸ்ரோபெரி அடுக்கியிருந்தது, பெட்டியைத் திருப்பிப் பாத்தா கலிபோர்னியா. நிண்ட பெடியனிட்டக் காட்டினன், போர்டு மேலிடத்தில இருந்து வாறது எண்டான். அடுத்த கிழமையும் அதே இலை, அதே பெட்டி. எனக்கு உண்மையாவே கோவம் வந்தது, நாட்டு மேல இருக்கிற பாசத்தை வச்சு ஏமாத்திற மாதிரி.

அதனால இப்ப எழுத்துகளை வடிவாப் பாக்கிறன். ‘ப்ரொடக்ட் ஒஃப் கனடா’ எண்டு இருந்தா கிட்டத்தட்ட முழுக்க இஞ்சத்தைய சாமான், இஞ்ச செய்தது. ‘மேட் இன் கனடா’ எண்டா கடைசியா உருமாறினது இஞ்ச, உள்ளுக்க போட்டது எங்கத்தையாவும் இருக்கலாம், பக்கத்திலயே இறக்குமதிப் பொருள் சேர்ந்தது எண்டு எழுதியிருக்கும். ‘கனடா நம்பர் 1’ எண்டு இருக்கிறது தரம் மட்டும்தான், அது நாடு இல்லை. பால், தயிருக்கு நீலப் பசுப் படம் இருந்தா முழுக்கக் கனடாப் பால்.

இந்தக் கடையில இவ்வளவு பாடுபடத் தேவையில்லை. தக்காளி, வெள்ளரிக்கு மேல லீமிங்டன், கரட்டுக்கு ஹொலண்ட் மார்ஷ், ரெண்டும் ஒன்ராறியோவில இருக்கிற இடங்கள். வெண்டிக்காய்க்கு ஹொண்டுராஸ். லெற்றியூஸுக்கு மேல அமெரிக்கா எண்டு அதே அளவு எழுத்தில எழுதியிருக்கு. ஏன் அண்ணை, சனம் வாங்காதே எண்டு கேட்டன். “தங்கச்சி, மாரியில எனக்கு வேற இடத்தால வாறேல்ல, இருக்கிறதை எழுதி வைக்கிறன், வேண்டாத ஆக்கள் விடட்டும்” எண்டார். அண்டைக்கே இந்தக் கடை எண்டு முடிவெடுத்திட்டன்.

பருப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேணும். நாங்கள் கறிக்குப் போடுற மைசூர்ப் பருப்பு, எங்கட சாமான் எண்டுதானே நினைச்சுக்கொண்டிருந்தம், 8 இறாத்தல் பையின்ர முன்பக்கம் தமிழ், ஹிந்தி எல்லாம் இருக்கு, பின்பக்கம் ப்ரொடக்ட் ஒஃப் கனடா. உலகத்திலயே ஆகக் கூடப் பருப்பு ஏற்றுமதி செய்யிற நாடு கனடாவாம், பெரும்பங்கு சஸ்கச்சுவானில விளையுது, இலங்கைக்கும் இஞ்ச இருந்து கப்பலில போகுது. தாளிக்கிற கடுகும் அந்தப் பக்கத்துப் பிரேரிக் காணியளில விளையிறதுதான். அப்ப யாழ்ப்பாணத்தில சின்ன வயசில சோத்துக்கு விட்ட பருப்பே இஞ்ச விளைஞ்சதா இருந்திருக்கலாம், அதை யோசிக்க எனக்கு ஒரு மாதிரி நெஞ்சு நிறைஞ்சு போச்சு. நல்ல பருப்பு, கல் இல்லை, கெதியா அவியும்.

அம்மாவுக்கு இந்தப் பழக்கம் புதுசில்லை. 2009 வைகாசி 10ம் திகதி இலங்கையில போரை நிப்பாட்டச் சொல்லி ரொறன்ரோ கார்டினர் ஹைவேயை மறிச்சுப் போய் இருந்த சனத்தில அவவும் ஒராள், அந்த நேரம் இலங்கைச் சாமான் வாங்கவேண்டாம் எண்டு சொன்னதை இண்டைக்கு வரைக்கும் விடேல்ல, தேயிலை கூட கென்யாத் தேயிலைதான். எந்தப் பக்கற்றை எடுத்தாலும் முன்பக்கம் பாக்காமல் நேராத் திருப்பி, கண்ணாடியை நெத்திக்கு ஏத்திப்போட்டு, மூக்குக்கிட்டப் பிடிச்சு அடியில இருக்கிற எழுத்தை வாசிப்பா. இந்தக் கடையிலயும் பின்பக்கத் தட்டில இலங்கை பிஸ்கற், சோடா எல்லாம் இருக்கு. அதிலயும் மஞ்சள் மட்டை தொங்குது, அம்மா அதைப் பாத்திட்டு விலத்திப் போவா, ஆரோடயும் சண்டை பிடிக்கமாட்டா. எடுக்கிற ஆக்கள் தெரிஞ்சு எடுக்கினம், அது காணும்.

குறையும் இருக்கு. தூள் வகையில ஸ்காபரோவில அரைச்சது எண்டு மட்டும்தான் போட்டிருக்கு, மிளகாய் எந்த நாடு எண்டு இல்லை, அதையும் எழுதச் சொல்லிக் கேட்டிருக்கிறன். லீமிங்டன் தக்காளி மற்றதை விட விலை கூட, நான் குடுத்துத்தான் வாங்கிறன், ஆனா பெரிய குடும்பங்களுக்குக் கஷ்டம்தான். பார்க்கிங் சரியான மோசம், சனிக்கிழமை பின்னேரம் தயவுசெய்து போகாதேங்கோ. வியாழக்கிழமை காலமை போங்கோ, மரக்கறி புதுசா இருக்கும், அண்ணைக்கும் நிண்டு கதைக்க நேரம் இருக்கும். பருப்புப் பை வாசலுக்கு இடப்பக்கம் கீழ்த்தட்டில.